நூற்று எழுபத்து நாலு வெறுங்கைகள்

கணக்கு டீச்சருக்குக் கணக்கெடுப்பு வேலை புதிதில்லை. வீடு, ஆள், ஆடு மாடு, ஓட்டு என்று அரசாங்கத்துக்கு எதை எண்ணிப் பார்க்க ஆசை வந்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் வரும். பள்ளிக்கூடம் டீச்சரைக் கைகாட்டிவிடும். ஆனால் ரயில் நிலைய வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரை எண்ணச் சொன்னது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். அந்த ஊர் சின்னதாக இருந்தாலும் தனி நகரமா, இல்லை ஐம்பது நிமிஷ தூரத்தில் இருக்கிற பெரிய நகரத்தின் புறநகரா என்று மேலே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நிறையப் படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை ரயில் நிலைய வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் அதிகம் என்றால், ஊர் பிழைப்புக்கு வெளியே போகிறது, அது புறநகர். வெளியே வருகிறவர்கள் அதிகம் என்றால், மற்ற ஊர்கள் இங்கே பிழைக்க வருகின்றன, அது நகரம். புறநகர் என்று முடிவானால் ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடி, பெரிய நகரத்து ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவார்கள்.

டீச்சரின் வீட்டுக்காரருக்கு இளைப்பு. போன வருஷம் இரண்டு தடவை மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்துவிட்டது. இரண்டு தடவையும் எட்டே நிமிஷத்தில் அவசரப் பிரிவில் சேர்த்தது ஆம்புலன்ஸ் ஓட்டும் கொழுந்தன்தான். எட்டு நிமிஷத்துக்கும் ஐம்பது நிமிஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வீட்டில் யாரும் கரும்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

குறுக்கு வழியும் கொழுந்தனுடையதுதான். முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். வழக்கமாக யாரும் ஏறாத ஐந்து நாற்பது ரயிலில் கூட்டமாக ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆறரைக்கு எதிர் ரயிலில் திரும்பிவிட வேண்டும். போனது கணக்கு தொடங்கும் முன்னால். வந்தது மட்டும் கணக்கில் ஏறும். தையல்காரர், சலூன்காரர், பேக்கரிக்காரர் எல்லாரிடமும் பேசியாயிற்று. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தான். அதனால் இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொழுந்தன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். சம்மதம்தானோ என்று டீச்சருக்கே சந்தேகம்.

மறுநாள் விடியும்போது பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. சிலர் தலைசீவிப் பவுடர் போட்டு வந்திருந்தார்கள். சலூன்காரர் மனைவியையும் மச்சினனையும் கூட்டி வந்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ரயிலைத் தவிர. ஐந்து நாற்பது ஆனது, ஐம்பது ஆனது. ரயில் முப்பது நிமிஷம் தாமதம் என்று ஒலிபெருக்கி கரகரத்தது.

ஆறு அடித்தது. பெரிய நகரத்திலிருந்து வந்த கணக்கெடுப்பு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். டீச்சரின் இரண்டு கையிலும் விரலால் அழுத்தினால் எண் ஏறுகிற குட்டி மெஷின் ஒவ்வொன்று. வலது கை போகிறவர்களுக்கு, இடது கை வருகிறவர்களுக்கு. உள்ளே நின்றவர்களில் இரண்டு பேர் நைசாக வெளியே நழுவப் பார்த்தார்கள். ரயிலே வரவில்லை, எதிலிருந்து இறங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டதும், எதையோ மறந்தவர்கள் மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அதிகாரி பிளாட்பாரத்தை ஒரு நோட்டம் விட்டார். விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். நூற்று எழுபத்து நாலு.

"உள்ள நிக்கிறவங்களையும் போறவங்க கணக்குல ஏத்திடுங்க டீச்சர். ஆறுக்கு அப்புறம்தானே ரயில் ஏறப்போறாங்க."

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த ரயிலில் போனால் ஆறரை ரயிலைப் பிடிக்க முடியாது, அடுத்த எதிர் ரயில் எட்டுக்கு மேல்தான். நூற்று எழுபத்து நாலும் போன கணக்கிலேயே நின்றுவிடும். ஊரைக் காப்பாற்ற வந்தவர்களே ஊரைக் கவிழ்த்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் மோசடி வெளியே வரும், கணக்கையே ரத்து செய்தாலும் செய்துவிடுவார். கம்பிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். வலது கட்டை விரல் மெஷின் மேல் இருந்தது. அழுத்த வரவில்லை.

"சார், அவங்க யாரும் எங்கயும் போறவங்க இல்ல."

"அப்போ எதுக்கு நிக்கிறாங்க?"

"திரும்பி வர்றதுக்கு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஆறரை ரயில், சத்தியம், தண்ணீர் கொண்டுவந்து வைத்தது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிகாரியின் முகம் இறுகியது.

"இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு? மோசடி."

"தெரியுது சார். ஆனா அவங்க கையைப் பாருங்க. ஒருத்தர்கிட்டயாவது சாப்பாட்டுப் பை இருக்கா? வெளியூருக்கு வேலைக்குப் போறவங்களா இருந்தா இந்நேரம் பையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பாங்க. இவங்களுக்குக் கடையும் வேலையும் இங்கயேதான். அதனாலதான் காலங்காத்தால வெறுங்கையோட வந்து நிக்க முடிஞ்சுது."

அதிகாரி இரண்டு மெஷினையும் வாங்கிக்கொண்டு டீச்சரை எழுந்திருக்கச் சொன்னார். பிளாட்பாரத்துக் கூட்டத்தைச் சரக்கு ஏற்றும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே அனுப்பினார். எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

வெளியே வந்த கொழுந்தன் நேராக டீச்சரிடம் வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"நாளைக்கு அண்ணனுக்கு மூச்சு முட்டினா இந்த ஆளா அண்ணி வந்து தூக்குவான்?"

டீச்சர் சாலையைத் தாண்டிப் போனார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று அதிகாரியின் கட்டை விரல்களையே பார்த்தார்கள். சாப்பாட்டுப் பைக்காரர்கள் உள்ளே ஓட ஓட வலது விரல் துள்ளியது. ஏழே கால் வரை இடது விரல் தூங்கிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் சத்தமில்லாமல் அழுதார். அப்புறம் கிராமத்துப் பக்கத்து ரயில் வந்தது. கையில் கட்டுப் போட்டவர்கள், கர்ப்பிணிகள், கல்லூரிப் பிள்ளைகள், சந்தைக்குக் கூடை தூக்கியவர்கள், கோர்ட்டுக்குக் கோபத்தோடு வந்தவர்கள். அடுத்த ரயிலும் அப்படியே. இவ்வளவு பேர் தினமும் தங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்று அந்தச் சாலையில் நின்ற யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் யார் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள்? இடது விரலுக்கு மூச்சுவிட நேரமில்லை.

எட்டு மணி. போனவர்கள் எண்ணூற்று அறுபத்தொன்று. வந்தவர்கள் எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று. முப்பத்திரண்டு பேர் வித்தியாசத்தில் ஊர் நகரமானது. அந்த நூற்று எழுபத்து நாலு வலது பக்கம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கு டீச்சர் சொல்லாமலே சலூன்காரர் வரைக்கும் புரிந்தது. கொழுந்தன் ஆம்புலன்ஸை எடுக்கப் போனான்.

பத்து நாளில் தலைமையாசிரியர் மேஜைக்கு டீச்சர் மேல் உத்தரவு வந்தது. மோசடியை முன்கூட்டியே தெரிந்தும் மறைத்த குற்றத்துக்காக, இனி பத்து வருஷத்துக்கு அவரை எந்தக் கணக்கெடுப்பு வேலையிலும் சேர்க்கக் கூடாது. டீச்சர் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் அறைக்குத் திரும்பினார். பிறகு சரித்திர வாத்தியார் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, இந்தத் தண்டனை கிடைக்க முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மெதுவாக விசாரித்தார்.