பால் காயும்வரை

பால்செம்பு நடையைத் தாண்டுவதற்குள் சண்முகவடிவின் மூக்கு தீர்ப்பை எழுதிவிடும். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். செம்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொதிக்க வச்சுப் பாத்துல்லா சொல்ல முடியும், இரி மக்கா" என்று பலகையை எடுத்துப் போடுவாள்.

பூதப்பாண்டியில் முந்தின நாள் பாலோ தயிரோ மிஞ்சிய வீட்டுக்காரிகள் விடிந்ததும் அவளிடம்தான் வருவார்கள். தயிரைக் கரண்டியால் தூக்கி, நூல் விடுகிறதா என்று பார்ப்பாள். நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து, "காறிப்போச்சு, விளக்குக்கு ஊத்து" என்பாள். அவள் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. கல்யாண வீட்டில் தயிர்ப்பானைகளை முந்தின நாளே அவள் முகர்ந்து சொல்லியாக வேண்டும். மறுநாள் பந்தியில் அவளுக்கு ஓர் இலை போட மட்டும் ஒருத்தருக்கும் நினைவு வராது. தாலியறுத்தவள் அல்லவா!

புருஷன் போய்ப் பதினாறு வருஷம். பிள்ளைகுட்டி இல்லை. பால் நன்றாயிருக்கிறது என்று சட்டென்று சொன்னால் வந்தவளும் சட்டென்று போய்விடுவாள். பிறகு மறுநாள் காலைவரை அந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் ஏது? அதனால் பால் காயும்வரை கருப்பட்டித் துண்டு கொடுத்து, வந்தவளின் நாத்தனார் சண்டை முதற்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கொல்லம் ஆண்டு 1107 ஆவணியில் ஒருநாள் எதிர்வீட்டுத் தாணம்மாள் பொறுமையிழந்துவிட்டாள். அவள் வீட்டில் கைப்பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

"உள்ளதைச் சொல்லுங்க மைனி. வாசல்ல வச்சே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுல்லா? பின்ன எதுக்கு இந்தக் கொதிப்பு?"

சண்முகவடிவின் முகம் செத்துப்போயிற்று.

"நல்ல பாலுதான் ஏட்டி. கொண்டு போ."

அன்று அதற்குப் பிறகு அவள் அடுப்பே மூட்டவில்லை. தாணம்மாள் நாலு பேரிடம் சொல்லாமலா இருப்பாள்? இனி ஒருத்தியும் படியேறமாட்டாள் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் தாணம்மாளே வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் செம்பு. பால் அப்போதுதான் கறந்தது, நுரைகூட அடங்கவில்லை.

"கொஞ்சம் சந்தேகமாட்டு இருக்கு மைனி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளைக்குக் குடுத்தாச்சு. மெள்ளப் பாத்துச் சொன்னாப் போரும்."

சண்முகவடிவு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாலை அடுப்பில் ஏற்றினாள். பிறகு, சீக்கிரம் பொங்கிவிடக் கூடாதே என்று, எரிந்துகொண்டிருந்த இரண்டு விறகில் ஒன்றை வெளியே இழுத்துப் போட்டாள்.