எதிர் வண்டி விளக்கடித்தால்

பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரில் நான் கார் பழகிய மூன்றாம் நாள். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் நிறுத்திய வண்டிகள். எதிரே வந்த சின்ன வெள்ளைக் கார் முன்விளக்கை இரண்டு தரம் அடித்தது. நான் சட்டென்று பிரேக் போட்டு ஓரம் கட்டினேன். அதுவும் நகரவில்லை, நானும் நகரவில்லை. பக்கத்தில் இருந்த பயிற்சி ஆசிரியை ஏன் நிறுத்தினீர்கள் என்றார். அவர் வருகிறாரே, அதனால் ஒதுங்கினேன் என்றேன். இல்லை மிஸ்யே, அவர் உங்களைத்தான் போகச் சொல்கிறார் என்று சொல்லி, "அலே, அலே" என்று கையை ஆட்டினார். புத்தகத்தில் இல்லாத, தெருவில் மட்டும் இருக்கிற வழக்கமாம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சாலையில் விளக்கடித்தால், நான் வருகிறேன், நிற்க மாட்டேன், நீ நில் என்று பொருள். எங்கள் காரைக்கால் பக்கம் கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரிகளோடு ரோட்டில் போய்வருகிற யாருக்கும் இது தெரியும். ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. இங்கேயோ என் மகளின் பள்ளியில் முற்றத்தில் ரோடு வரைந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றி, யாருக்கு வழிவிட வேண்டும் என்று பாடம் நடத்துகிறார்கள். எனக்கு லைசென்ஸ் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வத்தோடுதான் விடுமுறைக்குச் சொந்த ஊரான நெரவிக்குப் போனேன்.

அண்ணன் மகள் பவித்ராவுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. காரைக்காலில் கல்லூரிக்குப் போய்வர ஸ்கூட்டி வாங்கியிருந்தார்கள். நான் பழக்கிவிடுகிறேன் என்று அண்ணனிடம் நானாகக் கேட்டேன். ஹெல்மெட் வாரை மாட்டாமல் வண்டியைத் தொடவிடவில்லை. திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் பார் என்று ஒரு வாரம் அவளைப் பாடாய்ப் படுத்தினேன். "அங்கல்லாம் கோழிகூட கை காட்டிட்டுதான் ரோட்ட தாண்டுமா சித்தப்பா?" என்று கிண்டல் செய்வாள்.

பயிற்சியின் கடைசி நாள் காலை, எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடத்தில் நான் ஓரமாக நின்றுகொண்டேன். அவள் தனியாகக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஒரு லாரி வந்தது. தூரத்திலேயே விளக்கடித்தது. அவள் நின்றாள். சரியாகத்தான் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வழி விடுறான் பாரு, போ" என்றேன்.

லாரி ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் இடித்தது. அவளுடைய இடது கணுக்கால் வண்டிக்கடியில் சிக்கி நொறுங்கியது. கூட்டம் டிரைவரின் சட்டையைப் பிடித்தது. விளக்கடித்தேன், பெண் நின்றது, பிறகு வந்துவிட்டது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. நான்காம் நாள் விமானம் ஏறிவிட்டேன்.

இங்கே வந்து எட்டு மாதம் வேலைக்குப் போனேன், சமைத்தேன், மகளைப் பள்ளியில் விட்டேன். எதிலும் ருசியில்லை, வலியுமில்லை. பவித்ராவின் காலில் தகடு வைத்தார்கள். லாரி வருவது தெரியாத அளவுக்குக் கண் அவிந்தா போயிற்று என்று அண்ணன் ஒவ்வொரு போனிலும் அவளைத் திட்டுவார். அவள் பதில் பேசியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் முடியவில்லை.

"அண்ணே, அவ நின்னா. நாந்தான் போகச் சொன்னேன்."



"ஆஸ்பத்திரில அன்னைக்கே சொல்லிட்டாடா. ஒங் காதுல விழணும்னுதான் அவள திட்டிக்கிட்டு இருந்தேன்."

போலீஸிடமும் அவள் சொன்னாளாம், எடுபடவில்லையாம். டிரைவர் வழக்கோடு அலைகிறார், பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ ஒருத்தன்தான், வந்து சொல் என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

தை மாதம் போனேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பவித்ராதான் அழைத்துப்போனாள். வண்டியை நான் எடுக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளும் சாவியை நீட்டவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து ஏறி உட்கார்ந்து, "புடிச்சுக்குங்க சித்தப்பா" என்றாள். நெரவியில் எனக்குத் தெரியாத திருப்பம் இல்லை. ஒன்றையும் சொல்லாமல், அவள் போன வழியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.