ரயில் படி ஏற ஒரு கால்

என்னிடம் வருகிறவர்களை "எங்க வலிக்குது?" என்று நான் முதலில் கேட்பதில்லை. அதைக் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள். "கால் சரியானா எங்க போவீங்க?" என்றுதான் கேட்பேன். பிசியோதெரபி படித்துவிட்டு, பழைய தங்கச் சுரங்க ஊரான தங்க வயலில் வேலை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் என் வழக்கம்.

எங்கள் ஊர் கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நான் போய்ப் பார்த்த ஒரு அக்காவிடமும் அதையே கேட்டேன். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தார். பெங்களூரில் தையல் கம்பெனி வேலை; தினமும் ரயிலில் போய்வர வேண்டும்.

"ட்ரெயின் ஏறணும், வேற இன்னா?" என்றார்.

அவர் வீட்டுக்காரர் குறுக்கிட்டார். "வேலைய உட்டுடுன்னு சொல்றன், கேக்க மாட்டேங்குறா. ஊட்ல குந்தினு இருந்தா நான் பாத்துக்க மாட்டனா?"

அக்கா என் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். அந்த மாதம் முடியும்வரைதான் கம்பெனியில் அவருக்கு இடம் வைத்திருப்பார்கள். அதற்குள் ரயில் ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. அக்காவுக்குத் தாகம் எடுக்கும் முன்னே சொம்போடு நிற்பார். எழுந்தால் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். எனக்கோ மூக்குமேல் கோபம்.

"அண்ணா, நீங்க இப்டியே தூக்கினு இருந்தா அக்காவுக்கு காலு எதுக்கு?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

முகம் சுண்டிப்போனார். ஆனால் மறுநாள் நான் போனபோது, வாசலில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, ரயில் படி உயரத்துக்கே கட்டி வைத்திருந்தார். கைப்பிடிக்கு இருபுறமும் இரும்புக் குழாய் நட்டிருந்தார். அவரைத் திட்டிய வாயால் அன்று அவர் வீட்டு டீயைக் குடித்தேன்.

ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நொந்த கால் முன்னே. இதுதான் பாடம். அக்கா அழுதுகொண்டே ஏறினார், என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார். திட்டுகிற நோயாளி தேறிவிடுவார் என்பது என் அனுபவம்.

வேலைக்குத் திரும்பும் நாள் விடியற்காலையில் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கள் ஊர் ரயிலில் ஒரு பழக்கம் உண்டு. தினமும் சேர்ந்து, அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் யாரையும் கீழே விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஏற முடியாதவர்களை உள்ளேயிருந்து நாலு கை நீண்டு மூட்டைபோல இழுத்துக்கொள்ளும். அன்றும் வண்டி நின்றதும் கைகள் நீண்டன. அப்படி இழுத்தால் அந்தக் கால் தடுமாறும். பின்னாலிருந்து வீட்டுக்காரர் வேறு தூக்கக் குனிந்தார். நான் கத்த வாயெடுத்தேன்.

"கைய எடுங்க எல்லாரும். நானே வர்றன்" என்றார் அக்கா.

கைகள் உள்ளே போயின. அக்கா கம்பியைப் பிடித்தார். நல்ல கால் முதலில் மேலே போனது. ஒரு மூச்சு. அடுத்த கால் தானாக வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் விசில் பறந்தது. எனக்குச் சந்தோஷத்தில் யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது.

வண்டி நகர்ந்தது. சாப்பாட்டுப் பை இன்னும் வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் திணித்தார். அங்கே அக்காவைக் காணோம். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஏம்மா, எழுந்திரு. அது என் எடம்."