எழுதாத உறுப்பினர்

ஐப்பசி முதல் ஞாயிறு, காலை பத்து மணி. என் மனைவி இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நாமக்கல்லில் என் வீட்டுக்கு முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார்.

அவர் மோகனூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். மெலிந்த உடல், பேருந்துப் புழுதி படிந்த கண்ணாடி. எதைக் குறிப்பதற்கு முன்பும், "எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்பார். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவை அவர் ஆராய்ந்தார். அவருடைய ஆலோசகர்களில் நானும் ஒருவன். குழுவில் எதுவும் எழுதாதவர்களைக் கற்பவர்களாகக் கொள்ளக் கூடாது என்று சென்ற ஆண்டு விதித்தவன் நான்தான்.

"அப்படி நீக்குன பட்டியல்ல அம்மாவும் இருக்காங்கய்யா."

"எந்த அம்மா?"

"உங்க ஊட்டு அம்மாங்க. குழுவுல சேரறப்ப குடுத்த விலாசம் பாத்தப்பத்தான் தெரிஞ்சுதுங்க. ஒரு வரி எழுதலீங்க. ஆனா போட்ட கணக்குப் பாடம் அத்தனையும் பாத்திருக்காங்க."

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். இது எனக்குத் தெரியாது.

"சேத்துக்கோணும்னா விதிய மாத்தோணுங்க. அவங்களுக்காக நீங்க சம்மதம் தரோணுங்க."

"அவளுக்காக நான் எப்படிச் சம்மதிப்பது?"

அவர் பென்சிலை எடுத்தார். "இத எழுதிக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் உடனே நோட்டை மூடிவிட்டார். அவளை ஒருமுறையாவது நான் இப்படிக் கேட்டிருக்கிறேனா என்று இன்றும் யோசிக்கிறேன்.

இன்னும் செய்யாதவை:
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து.
என் விதியைத் திரும்பப் பெறும் கடிதம்.
அவளுடைய கைபேசியைத் திறப்பது.