மூன்றாம் வரிசைக் கைப்பிடி

அந்தக் கடையில் எதை எடுத்தாலும் ஒரே விலை. முதல் வரிசையில் வாளி, குவளை. இரண்டாம் வரிசையில் கண்ணாடிச் சாமான். மூன்றாம் வரிசையில் ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், குறடு, சுத்தியல் எல்லாம் பளபளவென்று அட்டையில் கட்டித் தொங்கும். அந்த வரிசைக்குப் பொறுப்பு அவள்தான். ஏழு வருடமாக அதே இடத்தில் நின்று நின்று, பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் அவள் மூணாம் வரிசை அக்கா.

வாரத்துக்கு நாலு பேராவது முறிந்த சாமானோடு வந்து நிற்பார்கள்.

“அக்கா, ஒரே ஒரு திருகுதான் திருகினேன். முனை முறுக்கிக்கிச்சு, பாருங்க.”

“சாமான் மேல தப்பில்லப்பா. பயன்படுத்தத் தெரியணும்.”

இந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தது சூப்பர்வைசர். முதல் மாதம் அது அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அப்புறம் கொட்டாவி மாதிரி தானாக வர ஆரம்பித்தது. அந்த ஒரு வரிதான் அவளுக்கும் அவள் தம்பிக்கும் நடுவில் சுவர் எழுப்பியது.

தம்பி குழாய் வேலைக்காரன். பதினெட்டு வருடம் அடுத்தவர் கடையில் உழைத்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை திறந்தான். அக்கா வெறுங்கையோடு போவாளா? தன் வரிசையிலிருந்தே ஒரு பெரிய கருவிப் பெட்டியை எடுத்து, வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்பியிடம் நல்ல சாமான் இல்லாமல் இல்லை. ஆனாலும் அக்கா கொடுத்ததாயிற்றே என்று, மறுநாள் முதல் வேலைக்கு அந்தப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனான். இறுகிப்போன நட்டில் ஸ்பானரைப் போட்டு முழுப் பலத்தோடு இழுத்தான். ஸ்பானரின் வாய் விரிந்து வழுக்கியது. கை சுவரில் போய் மோதி, வலது ஆள்காட்டி விரல் முறிந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டுப் போட்ட கையோடு தம்பி சிரித்தான். “உன் கடைய நம்பிக் கை வச்சேன். கையே போச்சு பாத்தியாக்கா.”

விளையாட்டுத்தான். அவளும் சிரித்திருக்கலாம். அழுதிருந்தாலும் சரியாகப் போயிருக்கும். ஆனால் ஏழு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“சாமான் மேல தப்பில்லடா. பயன்படுத்தத் தெரியணும்.”

பதினெட்டு வருடக் குழாய்க்காரனிடம், அவன் மனைவியும் மாமனாரும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, அப்படி ஒரு வார்த்தை. தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்தது போல் போயிற்று. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதோடு சரி. எட்டு மாதமாகப் பேச்சில்லை, போக்குவரத்தில்லை.

இப்போது அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மணி பதினொன்று.

அவள் கணவர் லாரி ஓட்டுநர். படியில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். மகள் ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறாள். டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ விழுந்தா அப்புறம் நடக்கிற பேச்சே கிடையாது. பாத்ரூம்ல பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி போட்டுடுங்க. அது இல்லாம உள்ள விடாதீங்க.”

கணவரோ மூத்திரத்துக்குக் கட்டிலில் பாத்திரம் வைக்கிற பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வார். “நான் செத்தாலும் பாத்ரூமுக்கு என் கால்லதான் போவேன்” என்பது அவர் சபதம். ஆக, கம்பி நாலு மணிக்குள் சுவரில் ஏறியாக வேண்டும்.

கம்பிக்கு எங்கே போவது? மூன்றாம் வரிசையில்தான் தொங்குகிறதே, வெள்ளி மாதிரி மின்னும் குளியலறைக் கைப்பிடி. அதையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பாக்கெட்டையும் டைல்ஸில் துளை போடும் பிட்டையும் முதல் நாள் மாலையே வாங்கி வந்துவிட்டாள். டிரில் மெஷின் மட்டும் மாடி வீட்டு எலக்ட்ரீஷியனுடையது. அவர் வேலைக்குப் போகிற அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டு, பிட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எதுக்கும் ஒண்ணுக்கு ரெண்டா வச்சுக்குங்கம்மா.”

ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைத்துக்கொண்டும் போதவில்லை. முதல் பிட் டைல்ஸில் வழுக்கி, கோணலாக ஒரு கீறல் போட்டுவிட்டு மழுங்கியது. இரண்டாவது சிவக்கச் சூடேறி, முனை கருகியது. மூன்றாவது எப்படியோ உள்ளே போயிற்று. ஆனால் ஆடி ஆடிப் போனதில் துளை பெருவிரல் அகலத்துக்கு வாய் திறந்துகொண்டது. டைல்ஸ் தூள் பட்டுக் கண் எரிந்தது. அவள் துளைக்குள் ஸ்க்ரூ கவ்வுவதற்கான பிளாஸ்டிக் பிளக்கைச் சொருகினாள். அது தொளதொளவென்று ஆடியது. பழைய பனியன் துணியைக் கிழித்துச் சுற்றி மறுபடி சொருகினாள்.

செல்போன் அடித்தது. மகள்.

“அம்மா, டிஸ்சார்ஜ் பேப்பர் வந்துடுச்சு. அப்பா இப்பவே சட்டை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.”

“நாலு மணின்னு சொன்னாங்களேடி.”

“வண்டி நாலு மணிக்குத்தான். அவருக்கு அது புரியணுமே. கம்பி போட்டாச்சான்னு கேக்குறாரு.”

“போட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.”

ஸ்க்ரூவை வைத்துத் திருகினாள். பாதி தூரம் போனது. அப்புறம் ஸ்க்ரூடிரைவர் சுற்றியது, ஸ்க்ரூ சுற்றவில்லை. எடுத்துப் பார்த்தாள். முனை கரும்புச் சக்கை மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அது ஸ்க்ரூவின் தலையில் இருந்த பள்ளத்தையே வழித்து எடுத்துவிட்டது. இனி அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பாதி சுவரில், பாதி காற்றில் நின்று அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

“அக்கா, முனை முறுக்கிக்கிச்சு, பாருங்க.” ஏழு வருடமாக வந்து நின்ற அத்தனை முகங்களும் அந்தச் சின்னக் குளியலறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அத்தனை பேரையும் வாயடைத்து அனுப்பியவள் அவள்தானே.

ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி வாளியில் எறிந்தாள். தெரிந்த குழாய்க்காரர் இருவரைக் கூப்பிட்டாள். ஒருவர் நாளைக்கு என்றார். இன்னொருவர் எடுக்கவே இல்லை. மணி இரண்டைத் தாண்டியது. மிச்சமிருந்தது ஒரே எண். எட்டு மாதமாக அவள் விரல் தொடாத எண்.

மானமா, மனுஷனா என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அழுத்தினாள்.

“ம்” என்றது அந்தப் பக்கம்.

“நான்தான்டா. மாமா நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றாரு. பாத்ரூம்ல கம்பி மாட்டணும். என்னால முடியல.”

போன் வைக்கப்பட்ட சத்தம் மட்டும்.

கால் மணி நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. தம்பி பையை வாசல் நடையில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனான். கோணல் கீறலைப் பார்த்தான், பனியன் துணியைப் பார்த்தான், வாளிக்குள் கிடந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். அவள் கதவோரம் நின்றாள். இதோ சொல்லப் போகிறான். பயன்படுத்தத் தெரியணும்க்கா என்று சொல்லிக் காட்டப் போகிறான். சொல்லட்டும். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவன் சொல்லவில்லை. நடைக்குப் போய்ப் பையிலிருந்து ஒரு குறட்டை எடுத்து வந்து, நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூவின் தலையைக் கவ்வி, நாலு திருப்பில் வெளியே உருவிப் போட்டான். அப்புறம் அந்த வெள்ளிக் கைப்பிடியைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பது போல் ஆட்டினான். முழங்காலில் வைத்து லேசாக அழுத்தினான். கீரைத் தண்டு போல வளைந்தது.

அதைத் தரையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று வெளியே போனான். ஸ்கூட்டர் கிளம்பிப் போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

போய்விட்டான். வந்து, பார்த்து, அவள் கடைச் சாமானின் லட்சணத்தை அவள் கண் முன்னாலேயே வளைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். இதற்கு அவன் வராமலே இருந்திருக்கலாம். கூடப் பிறந்தவனுக்கு இவ்வளவு கல் நெஞ்சா? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்க, வாசல் நடையை அடைத்துக்கொண்டு கிடந்த அவன் பையைத் தெருவில் வீசிவிடலாம் என்று வாரைப் பிடித்து இழுத்தாள். பை சரிந்து, உள்ளிருந்து ஒன்று உருண்டு வந்தது.

மஞ்சள் நிற அளவு டேப். பக்கவாட்டில் அவள் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அவள் கொடுத்த பெட்டியில் இருந்தது. எண்கள் தேய்ந்திருந்தன, ஓரமெல்லாம் சிமெண்ட் படிந்திருந்தது. எட்டு மாதமாகத் தினமும் அவன் கையில் புழங்கிய டேப்.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து ஸ்கூட்டர் திரும்பி வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள்.

தம்பியின் தோளில் சாம்பல் நிற இரும்புக் குழாய், கையில் சுவரில் பதிக்கிற கனத்த தட்டுகள் இரண்டு. பட்டறைக்குப் போய் அந்தக் கைப்பிடியின் நீளத்துக்கு வெட்டி, முனைகளில் மரை போட்டு எடுத்து வந்திருந்தான்.

“நடு வழியில உக்காந்தா நான் எப்படிப் போறது? நகரு” என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வாக்கியம்.

“போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்னடா? நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்.”

“கோவம் இருக்கு. அதுக்காகப் பைய விட்டுட்டா போவேன்? அந்த டேப்ப கொடு.”

கொடுத்தாள். “இத மட்டும் எதுக்குடா வச்சிருக்க?”

“அது ஒண்ணும் பொய் சொல்லல. அளக்கச் சொன்னா அளக்குது.” டேப்பை இழுத்துச் சுவரில் வைத்தான். “சுத்தியலும் நல்லாத்தான் இருக்கு, வீட்டுல அவ ஆணி அடிக்கிறா. ஸ்பானர மட்டும் குப்பையில போட்டேன். பலம் போட்டு இழுக்கிற வேலைக்கு அத எடுத்தது என் தப்பும்தான்.”

“உன் தப்பு இல்லடா” என்றாள் அவள். “நான் அன்னிக்குச் சொன்னது...”

“தட்டப் பிடி. ஆடாம பிடி.”

அவனுடைய பிட், கெட்ட துளைக்கு நாலு விரல் மேலே, வட்டம் மாறாமல் இறங்கியது. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கினான். நேராக ஒட்டாமல் போன அந்த ஆள்காட்டி விரல் ஸ்க்ரூடிரைவரின் பிடியில் மடங்க மறுத்து, தனியாக நீட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருப்புக்கும் அவள் அதைத்தான் பார்த்தாள். வேலை முடியும்வரை வேறெதையும் பார்க்க அவளால் முடியவில்லை.

“ம். தொங்கிப் பாரு” என்றான்.

“நானா?”

“மாமா எடைக்கு நீதான் சரி.”

பிடித்து, கால்களை மடக்கித் தொங்கினாள். குழாய் மயிரிழைகூட அசையவில்லை. அவள்தான் குலுங்கினாள். அது அழுகையா சிரிப்பா என்று தம்பி கேட்கவில்லை.

நாலு ஐந்துக்கு வண்டி வந்தது. கணவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கும் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குத்தான் போனார். கதவுக்கு வெளியே மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு முனகல். குழாயில் கை பதியும் சத்தம். பிறகு அவர் குரல்.

“இது என்னடி, பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. பளபளன்னு ஒண்ணு கிடைக்கலையா?”

“எழுந்துட்டீங்களா?”

“எழுந்துட்டுத்தானே பேசுறேன்.”

தம்பி பையைத் தோளில் மாட்டினான். “டீ போடவா?” என்றாள். “இன்னொரு நாளைக்கு” என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே அவள் அந்த வாரத்தை ஓட்டினாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனாள். முதல் நாளே ஒருவர் அந்த வெள்ளிக் கைப்பிடியோடு வந்து நின்றார். “அக்கா, இது நல்லா இருக்குமா?”

“எதுக்குங்க?”

“அம்மாவுக்கு. பாத்ரூம்ல பிடிச்சு எழுந்திருக்க.”

“இதுல துண்டு காயப் போடலாம். ஆளத் தொங்க விடாதீங்க. ஒரு குழாய்க்காரரக் கூப்பிட்டு இரும்புக் குழாய் போடுங்க.”

அவர் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். வரிசைக் கோடியில் நின்ற சூப்பர்வைசர் அருகே வந்தார்.

“என்னம்மா, வந்த ஆளத் திருப்பி அனுப்புற?”

“சாமான் மேல தப்பு சார்.”

“ஏழு வருஷமா இல்லாத தப்பா?”

“இருந்துச்சு சார். நான்தான் சொல்லல.”

அவர் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் கைப்பிடிகளை மூன்றாம் வரிசையிலிருந்து கழற்றி, முதல் வரிசையில் சோப்பு டப்பாவுக்கும் துணிக் கொக்கிக்கும் பக்கத்தில் மாட்டினாள். மறுநாள் காலையில் அவை பழையபடி மூன்றாம் வரிசையில் தொங்கின. மறுபடி கழற்றினாள். அதற்கு மறுநாளும் அதே கதை.

இரண்டு மாதமாகிறது. சூப்பர்வைசர் மாலையில் மாட்டுகிறார், அவள் காலையில் கழற்றுகிறாள்.