இரண்டு பிளாஞ்சுகளும் ஒரு சவுந்தரநாயகமும்

கோட்டின் இடது பையில் ஒரு பிளாஞ்சு, வலது பையில் ஒரு பிளாஞ்சு. ஜம்பட்டா வீதியில் சவுந்தரநாயகம் பத்தடிக்கு ஒருமுறை நின்று, ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிறார். பூசைக்குப் போகிறவர்கள் அதை ஏதோ புதுமாதிரிச் செபமாலை என்றெண்ணி மரியாதையோடு வழிவிடுகிறார்கள்.

பிளாஞ்சு என்பது இரண்டு குழாய்களை முகத்தோடு முகம் வைத்துப் பூட்டும் வளையம். முகத்துவாரத்தில் வினாகிரி என்னும் காடி வடிக்கும் தொழிற்சாலையில் இவர் ஸ்டோர்கீப்பர். அங்கிருந்த காபன் ஸ்டீல் பிளாஞ்சுகளை வினாகிரி தின்று தீர்த்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நாலு மடங்கு விலை. எது வேண்டுமென்று சீமைக்கு எழுதும் பொறுப்பு இவருடையது. துரையின் கட்டளை சுருக்கமானது: குழாய் ஒழுகினாலும் வேலை போகும்; வீண்செலவென்று கண்டாலும் வேலை போகும்.

மாதிரிக்கு இரண்டையும் கொடுத்த இரும்புக்கடை பௌஸியிடம் பதினோரு தரம் போய்விட்டார்.

"என்ன மிஸ்டர், பொண்ணா பாக்குறீங்க? ஆவிக் குழாய்க்கிண்டா காபன் போதும். வினாகிரிக்கு ஸ்டெயின்லெஸ்தான். எத்தின வாட்டி செல்லுற?"

"ஓம், ஓம், விளங்குது" என்பார். வாசல்வரை போய்த் திரும்புவார். "எண்டாலும் பௌஸி..."

கடைசியில் விஞ்ஞான முறையில் இறங்கினார். மனைவி நாகமணியின் தேசிக்காய் ஊறுகாய்ச் சாடிக்குள் இரண்டும் ஒரு மாதம் ஊறின. காபன் கறுத்துச் சொரசொரத்தது, மற்றது மினுங்கியது. ஊறுகாயைத் தொட வீட்டில் ஆளில்லை.

"கண்ணுக்கு முன்னால கிடக்குது. பிறகென்னப்பா யோசினை?" என்றார் நாகமணி.

"ஊறுகாய் சரி. வினாகிரி வேற சாமானெல்லே?"

"வேலை போனால் பிள்ளையளுக்கு இந்த ஊறுகாய்தான் சாப்பாடு. இண்டைக்குக் கப்பல் தபால். எழுதுங்கோ!"

எழுதினார். ஸ்டெயின்லெஸ் கேட்டு ஒரு கடிதம். மனசு கேளாமல் காபன் கேட்டு இன்னொன்று. ஒரே கம்பனி, ஒரே விலாசம், ஒரே மாதிரி உறை; எது எதுவென்று வெளியே அடையாளமில்லை. இரண்டையும் மூடி முத்திரையும் ஒட்டித் தபால் பெட்டிக்கு வந்தபோது, அயல்வீட்டுக்காரனான நானும் பக்கத்தில் நின்றேன்.

"வினாகிரி பொல்லாதது. ஸ்டெயின்லெஸ்தான். முடிஞ்சுது கதை!" என்று எனக்குச் சத்தியம் செய்தார். ஓர் உறையைப் பெட்டிக்குள் போட்டார். மற்றதைச் சுக்குநூறாகக் கிழித்து வீதியில் வீசினார். கோட்டையைப் பிடித்த தளபதிபோல நாலடி நடந்தார்.

நின்றார். திரும்பி வந்தார். ரிக்‌ஷாக்காரர்கள் ஏச ஏச, நடு வீதியில் முழங்காலில் நின்று, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்தி வாசிக்கத் தொடங்கினார்.