லீலாபாய் அக்கா துடைத்துக் கொடுத்த திரை

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாரம் சந்தையில் நெத்திலியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்த்த டீக்கடைக்காரர் கழுவாத கிளாஸைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"அமலி, ஒனக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் லீலாபாய் போயிட்டாவளாம். விடியக்காலம் நெஞ்சுவலி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சாம்."

"எந்த லீலாபாய்?" என்று கேட்டேன். கொட்டாரத்தில் எனக்குத் தெரிந்த லீலாபாய் ஒருவர்தான். தெரிந்தும் கேட்டேன். பிறகு மீனின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்காளின் தங்கச்சி, நினைவு நாளில் வாசிக்க ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரும்படி கேட்டார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அக்காளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெலிந்த உடம்பு, கயிறு கட்டின கண்ணாடி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தன் வீட்டு முன்னறையில் பிரவுசிங் சென்டர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபையில் பாடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஏசுவார்கள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். எங்கள் மகள் ஷைனிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளும் அவள் அப்பாவும் கையால் பேசிக்கொள்வார்கள். பாதி அவர்களே உண்டாக்கின பாஷை. அவர் கடல் கடந்து போனபிறகு போன் வந்தால் நான் பேசுவேன், பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கம்ப்யூட்டரில் ஆளைப் பார்த்துப் பேசலாம் என்று யாரோ சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை மீன் விற்று முடித்த கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்காளின் சென்டருக்குப் போனேன். உள்ளே இருந்த ஒரு பையன் என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினான்.

"மக்கா, ஒனக்கு மணம் பிடிக்கலேன்னா ஜன்னல் பக்கம் போய் இரி. மத்தியானம் மீன்குழம்பு ஊத்தும்போ இப்படித்தான் மூக்கப் பொத்துவியா?" என்றார்கள் அக்கா. என்னைப் பார்த்து, "கூடைய வெளிய வையி பிள்ள. பூனை இருக்கு, அது நல்லாப் பாத்துக்கிடும்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் போனோம். எங்கள் கடற்கரைப் பெண்கள் பலரும் அங்கே வருவார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு பயம் இருந்தது. திரையில் ஏதாவது கட்டம் வந்து கேள்வி கேட்டால் 'வேண்டாம்' என்று அமுக்கக் கூடாது, அமுக்கினால் வளைகுடா லைன் அறுந்துபோகும் என்று நம்பினோம். ஒருத்தி சொல்லி ஒருத்தி நம்பினது. அதனால் எது கேட்டாலும் 'சரி, சரி' என்று அமுக்குவோம். அப்படி அமுக்க அமுக்க, பக்கத்தின் தலைமாட்டில் கலர் கலராகப் பட்டைகள் வந்து குடியேறும். டூல்பார் என்று அக்கா சொல்லித்தான் பெயர் தெரியும். ஏதாவது இலவசமாக இறக்கினால் அதோடு கூடவே ஒட்டிக்கொண்டு வருமாம். முதல் பக்கத்தை மாற்றிவிடும். ஒன்றைத் தேடினால் வேறு எங்கேயோ கொண்டுபோய் விடும்.

"நாங்க மீனு குடுக்கும்போ ரெண்டு கூடப் போடுவோம்லா, அது மாதிரியா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கொசுறு. கொசுறு சட்டியில கெடந்து வேவும். இது ஒன் கூட வீட்டுக்கு வந்து, கட்டில இழுத்துப் போட்டுப் படுத்துக்கிட்டு, வாறவன் போறவன்கிட்ட இது என் வீடுன்னு சொல்லும். வெளங்குதா?"

அக்காளுக்கு ஒரு பழக்கம். கட்டம் வந்தவுடன் நம் கையைப் பிடித்து மௌசிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு அதில் உள்ளதை முழுக்கத் தமிழில் சத்தமாகச் சொல்வார்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை அமுக்குவார்கள். காத்திருக்கிறவர்களுக்குக் கோபம் வரும். மருந்துக்கடைக்காரர் தன் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கக் கொண்டுவந்தபோது, "அந்த ஒரு பட்ட மட்டும் நிக்கட்டு லீலாபாய், அது வெயிலா மழையான்னு காட்டுது" என்றார். "அதுக்கு நீரு வாசல்ல போய் நிண்ணு மேல பாரும்" என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஷைனிக்குப் படிக்கிற வயது வந்தது. திருநெல்வேலிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. விடுதியில்தான் தங்க வேண்டும். பிள்ளை போகமாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் வேறு ஊரில் அவளை விட்டுவிட்டால், அப்பா திரும்பி வரும்போது தன்னை எங்கே தேடுவார் என்பது அவள் பயம். நான் எவ்வளவு கையை ஆட்டியும் நம்பவில்லை. அப்பா சொன்னால்தான் நம்புவாள். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது. அவருடைய படகோ அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, நெட்டு கிடைக்காத தூரத்துக்கு மாதக்கணக்கில் போகிறது.

அன்றைக்குப் போய் உட்கார்ந்தால், கேமரா உள்ள அந்த ஒரே கம்ப்யூட்டரில் பட்டைமேல் பட்டையாகப் பாதித் திரை மூடிக் கிடந்தது. முந்தின நாள் எவனோ போனுக்குப் பாட்டு ஏற்றுகிறதற்கு இலவசமாக எதையோ இறக்கியிருக்கிறான். மிச்சமிருந்த இடுக்கில் அவருடைய முகம் தெரிந்தது. கை தெரியவில்லை. அதுவும் அசையாமல் படம் மாதிரி நின்றது. ஷைனி திரைக்குக் கீழே குனிந்து கையைத் தேடினாள்.

அக்கா எழுந்து மற்ற கம்ப்யூட்டரில் இருந்தவர்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். "எல்லாரும் ஒண்ணா இருந்தா லைன் இழுக்கு. எந்திரிங்க."

"அக்கா, நான் ஹால் டிக்கெட்டு எடுக்கணும்" என்றான் ஒருவன்.

"பரீட்சை நாளைக்கா?"

"அடுத்த வாரம்."

"அப்ப நாளைக்கு வா. இவ அப்பன் நாளைக்கு நடுக்கடல்ல நிப்பான்."

முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அதில் சிலர் அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவே இல்லை. எதை வேண்டுமானாலும் அமுக்கலாம் என்கிற வேறு கடைக்குப் போனார்கள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் போகிறபோக்கில் கெஞ்சியது. "நெசமாவே எங்கள அனுப்புறியளான்னு கேக்குது. ஆமா, நெசந்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டே எடுத்தார்கள். "பெரிசா மினுங்குது பாரு, அது எடுக்காதேங்குத பட்டன். நமக்குள்ளது கீழ சின்னதா ஒளிஞ்சு கெடக்கும்." கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டபோது ஒரு பட்டை மறுபடியும் வந்து நின்றது. என் போன் அடித்தது. "ஆட்கள் கூப்பிடுதாங்க அமலி, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போதும் அக்கா, முகத்தையாவது பாக்கட்டு."

"முகத்த வச்சு என்ன செய்யச் சொல்லுத? அவளுக்கு அப்பன் வாயி கையிலல்லா இருக்கு? சும்மா கெட" என்றார்கள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து அழித்துவிட்டு, மறுபடியும் போட்டார்கள்.

திரை முழுக்க அவர் நின்றார். இரண்டு கையும் தெரிந்தது.

ஷைனி படபடவென்று கேட்டாள். நான் தூரமாகப் போனால் நீ எங்கே வருவாய்? அவர் தன் கண்ணைத் தொட்டு அவளைக் காட்டினார். உள்ளங்கையைப் படகு மாதிரி குவித்து, வளைத்து வளைத்துக் கொண்டுவந்து அவள் பக்கம் நிறுத்தினார். நீ இருக்கிற இடத்துக்குத்தான் வருவேன். அவள் நம்பாமல் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் படகை விட்டார். அவள் தலையை ஆட்டினாள். அக்கா வாசலை மறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றார்கள்.

"இனி அது வராதா அக்கா?" என்று புறப்படும்போது கேட்டேன்.

"வரும். நாளைக்கே எவனாவது அமுக்குவான். நான் எடுப்பேன்."

திங்கட்கிழமை ஷைனி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். எல்லார் கையிலும் நல்ல போன் வந்தபிறகு சென்டருக்கு ஆள் குறைந்தது. அக்கா மூடிவிட்டார்கள். ஆனாலும் வீட்டு லேப்டாப்பில் இப்படி ஏதாவது வந்து ஒட்டிக்கொண்டால் ஜனங்கள் அக்காளைத் தேடித்தான் போனார்கள். ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அடக்கத்துக்கு ஷைனி விடுதியிலிருந்து வந்தாள். பெட்டி மூடப்போகிற நேரத்தில் வீட்டுக்காரர் போனில் வந்தார். ஒருதடவை பார்க்க வேண்டும் என்றார். அக்காளின் தங்கச்சியிடம் தயங்கிக் கேட்டேன். "காட்டு மக்கா" என்றார். ஷைனி போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள்.

அவர் லீவில் வரும்போதெல்லாம், ஒன்று அக்கா ஊரில் இருக்கமாட்டார்கள், இல்லை இவருக்கு நேரம் இருக்காது. இத்தனை வருஷத்தில் அவர் அக்காளிடம் கண்டதெல்லாம், கேமராவைத் திருப்ப ஓரத்திலிருந்து நீண்டு வரும் ஒரு கை. முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றினார். வாய் பேசுகிற மனிதர், எங்கள் வீட்டுப் பாஷையில் கையைத்தான் அசைத்தார். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

மூடியைப் பிடித்திருந்தவர்கள் அவர் முடிக்கும்வரை காத்து நின்றார்கள். அதற்குமேல் அடக்கத்தை யாராலும் நிறுத்தி வைக்க முடியவில்லை.

போய் வாருங்கள், அக்கா.